மடிக்குப் போன களை

களை பறிக்கிற வரிசையில் கைக்கு வருவதெல்லாம் ஒரே இடத்துக்குப் போகாது. கோரையும் குதிரைவாலியும் நீர்க்கிராம்பும் பிடி பிடியாகச் சேர்ந்து வரப்புக்குப் போகும். சில்லறைப் பூண்டுகள் அங்கேயே காலடியில் அமுங்கிச் சேற்றோடு உரமாகும். ஆரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கையாந்தகரை இவை மட்டும் மடிக்குப் போகும். குனிந்த முதுகு நிமிராமல், பக்கத்து வரிசைக்காரியோடு வழக்குப் பேசிக்கொண்டே, விரல்கள் இந்தப் பிரிவினையைச் செய்துகொண்டிருக்கும். இளம் பயிரில் நெல்லையும் குதிரைவாலியையும் தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்ல வராது. நடுநரம்பு வெளுத்திருக்கிறதா என்று அந்தப் பெண்கள் நின்று பார்ப்பதுகூட இல்லை. கை போகும், எது களையோ அது வரும்.

எங்கள் ஊர் குடமுருட்டிப் பாசனம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணை வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்றங்கால் வேலை மும்முரமாகிவிடும். நட்ட பதினைந்து இருபது நாளில் முதல் களை. அம்மாவும் அப்பாவின் அக்காவான பெரியத்தையும் ஒரே கொத்தில் போவார்கள். ஆள் சேர்ப்பது, மிராசுதார் வீட்டு வாசலில் நின்று கூலி பேசுவது, வயலில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று நிறுத்துவது எல்லாம் பெரியத்தைதான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கஞ்சி வாளியோடு நான் வரப்பில் நிற்பேன். கஞ்சி குடிக்கக் கரையேறும்போது ஒவ்வொருத்தி மடியும் முன்புறம் புடைத்திருக்கும். அவிழ்த்து வரப்பில் கொட்டினால் ஈர வாடையோடு பச்சை மலையாகக் குவியும். அதில் பாதிக்கு மேல் கையாந்தகரையாக இருக்கும்.

தெற்கே கரிசலாங்கண்ணி என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் கரிசாலை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஈரம் இருக்கிற இடமெல்லாம் இதற்குச் சொந்தம்: வரப்பின் அடிப்பக்கம், மதகடி, கிணற்றங்கரை, கொல்லையில் குளித்த தண்ணீர் ஓடுகிற குழி. பாதி படர்ந்து பாதி நிமிர்ந்து வளரும். தரையைத் தொட்ட கணுவில் வேர் விட்டுக்கொள்ளும். எதிரெதிரே நீண்ட ஒடுங்கிய இலைகள்; தடவினால் சொரசொரக்கும். இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு நீண்டு அதன் முனையில் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தியாகப் பூ உட்கார்ந்திருக்கும். அவ்வளவு சிறியது. சூரியகாந்தியும் சாமந்தியும் பிறந்த குடும்பத்தில்தான் இதுவும் பிறந்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு அப்போது தெரிந்தது அதன் தண்டு. இளந்தண்டை ஒடித்து முழங்கையில் அழுத்திக் கோடு இழுத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. காற்றுப் படப்படப் பச்சை மங்கி, கருநீலமாகி, பிறகு கறுத்து நிற்கும். பெயரை எழுதிக்கொள்வோம், கைக்கடிகாரம் வரைந்துகொள்வோம். பச்சை குத்துகிறவர்களும் இந்தச் சாற்றைப் பயன்படுத்தியதுண்டு. களைக்குப் போய் வந்த பெண்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பருவம் முடியும்வரை கறுத்தே கிடக்கும். யார் வீட்டுப் பெண் வயலுக்குப் போகிறாள், யார் வீட்டுப் பெண் போகவில்லை என்று கையைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும். அந்தக் கறையை மறைக்க முந்தானைக்குள் விரலைச் சுருட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பெரியத்தை மறைத்ததே இல்லை. கோயில் பந்தியில்கூடக் கையை நீட்டி இலை வாங்குவாள்.

வரப்பில் உட்கார்ந்து குவியலைப் பிரிக்கும்போது அவள் என்னையும் கூடச் சேர்த்துக்கொள்வாள். "பூ வுட்டுட்டா கசக்கும்டி. கொழுந்தாப் பாத்துக் கிள்ளு, அது கறிக்கு. பூவும் காயுமா இருக்கறத வேரோட வை, அது எண்ணெய்க்கு." நான் கிள்ளியதை அவள் மறுபடி ஒரு பார்வை பார்த்துத்தான் முந்தானையில் முடிவாள். பாசி படிந்தது, பூச்சி அரித்தது, சாக்கடை கலக்கிற கண்ணாற்றோரத்தில் பறித்தது எதுவும் வீட்டுக்கு வராது. எந்த வயலில் எந்த மூலையில் நல்ல இலை கிடைக்கும் என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நில உரிமையாளருக்குத் தெரியாது. அவர் வயலில் விளைவது நெல் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அன்று ராத்திரி எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே மணம். துவரம்பருப்பு குழைந்து வரும்போது நறுக்கிய கீரையைப் போட்டு, சீரகமும் பூண்டும் தட்டிச் சேர்த்து, கடைசியில் ஒரு வரமிளகாய்த் தாளிப்பு. கசப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தட்டும். கூலி நெல் வர இரண்டு நாள் தள்ளிப்போன வாரங்களில் பருப்பு குறையும், கீரை கூடும். மருந்து என்று நினைத்து யாரும் சாப்பிடவில்லை. அன்றைக்குக் கிடைத்த குழம்பு அதுதான்.

எண்ணெய் காய்ச்ச இரண்டாம் களை முடியவேண்டும். வேரோடு பிடுங்கியதை மண் போக அலசி, ஆட்டுக்கல்லில் அரைத்து, துணியில் பிழிந்த சாறும் அதே அளவு தேங்காயெண்ணெயும் மண்சட்டியில் சேரும். சிறு தீ. முதலில் பொங்கும், பிறகு ஓயாமல் சடசடக்கும். சத்தம் அடங்கியதும் பெரியத்தை அடியில் படிந்த கசண்டை அகப்பையில் கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்குவாள். மெழுகாக ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது. மணலாக உதிர்ந்தால் இறக்கிவிடலாம். ஒரு துளியைத் திரியில் நனைத்து விளக்கில் காட்டுவாள், வெடிக்காமல் எரியவேண்டும். சித்த மருத்துவ நூல்களில் மெழுகுபதம், மணற்பதம் என்று இந்தப் பக்குவங்களுக்கு வகுத்த பெயர்கள் இருப்பதை நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நரை கறுக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "தலை குளிரும், தூக்கம் வரும்" என்பாள். வெயிலில் நாளெல்லாம் குனிந்து நிற்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஒரு எண்ணெயிடம் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் என் நினைவில் ஆழமாகப் பதிந்திருப்பது மை. பெரியத்தையின் மகள், என் அத்தாச்சி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த குறுவை அது. அந்த முறை முதல் களையில் பறித்த கொழுந்தில் ஒரு பங்கு குழம்புக்குப் போகவில்லை. அதை இடித்துச் சாறு எடுத்து, பழைய வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த துணியை அதில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினாள். உலர்ந்ததை மறுபடி புதுச் சாற்றில் நனைத்து மறுபடி உலர்த்தினாள். துணி விறைத்துக் கறுப்பாகும்வரை இது நடந்தது. வெயிலில் போட்டுவிடலாமே என்று அம்மா கேட்டதற்கு, வெயில் சாரத்தைத் தின்றுவிடும் என்றாள். பிறகு அந்தத் துணியைத் திரியாகத் திரித்து, அகல் விளக்கில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி ஏற்றினாள். சுற்றி மூன்று செங்கல், அதன் மேல் துலக்கிய பித்தளைத் தாம்பாளம் கவிழ்ந்தது. கதவு சாத்தியாயிற்று. அந்தப் பக்கம் ஓடக் கூடாது, காற்று அசையக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. இரவெல்லாம் சுடர் தாம்பாளத்தின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் தாம்பாளத்தைத் திருப்பினால் அடிமுழுக்கக் கரி மென்மையாகப் படர்ந்திருந்தது. மூச்சு விட்டால் பறக்கிற கரி. கோழி இறகால் அதை ஒரு வெற்றிலையில் கூட்டி, சொட்டுச் சொட்டாக ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்து மரச் சிமிழில் அடைத்தாள். பிள்ளை பிறந்தது, பெண். நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது என்று இன்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வேண்டும். பெரியத்தையும் கண்ணுக்குள் தீட்டவில்லை. தொப்புள் கொடி விழாத பிள்ளையின் பாதத்தில், கறுத்த தன் விரலால், தான் களையாகப் பிடுங்கிய செடியின் கரியை அவள் வைத்தாள். கூலிக்குக் கொடுத்த உழைப்பிலிருந்து தனக்கென்று அவள் எடுத்துக்கொண்ட பங்கு அது என்று எனக்குப் படுகிறது.

கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போனபோது தாவரவியல் ஆய்வகத்தில் ஒருநாள் இந்தச் செடியைக் கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். எக்லிப்டா என்றார்கள். ஊசி முனையால் அந்த வெள்ளைப் பூவைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தால் அது ஒரு பூவே இல்லை. வெளிவட்டத்தில் நூலிழையாக நிற்பவை ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுவில் அடர்ந்திருக்கும் குட்டிக் குழல்கள் ஒவ்வொன்றும் நான்கு மடல் விரித்த ஒரு பூ. ஒரு தட்டின் மேல் ஒரு கூட்டமே குடியிருக்கிறது. சூரியகாந்தியிலும் இதேதான், அளவு மட்டும் பெரிது. வெட்டுக்காயப் பூண்டு, கொட்டைக்கரந்தை, பார்த்தீனியம் எல்லாம் இந்தக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பலவற்றின் விதைக்கு முடியோ இறகோ இருக்கும். காற்றில் ஏறிப் போகும். இதன் விதைக்கு அப்படி ஒன்று கிடையாது. பூ உதிர்ந்தபின் பச்சைத் தட்டில் நெருக்கமாக நிற்கும் மணிகள் முற்றிக் கறுத்து அப்படியே கீழே விழும். தண்ணீர் கொண்டுபோகவேண்டும், சேறு அப்பிய கால்கள் கொண்டுபோகவேண்டும். வயலுக்கு வயல் இதை விதைத்தவர்களில் பெரியத்தையின் கொத்தும் உண்டு என்று அன்று ஆய்வகத்திலேயே எனக்குத் தோன்றியது. மகிழ்ச்சியாக இருந்தது.

படிக்கப் படிக்க இன்னும் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி.ஆர். பாய் ஆகியோருடன் சேர்ந்து இதே குடும்பத்து மஞ்சள் கரிசாலையின் இலையிலிருந்து வெடலோலாக்டோன் என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1956-இல் வெளியிட்டார். வெள்ளைக் கரிசாலையிலும் அதே பொருள் இருப்பதைக் கண்டதும் அவர்கள்தான். கல்லீரல் பற்றிய ஆய்வுகளில் உலகமெங்கும் இன்று அடிபடுகிற பெயர் அது. 1989-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இந்தச் செடியின் சாறு தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சை எலிகளில் எதிர்ப்பதைக் காட்டினார்கள். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும்: பாம்பு கடித்தால் பச்சிலை தேடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். எங்கள் வயல்களில் கட்டுவிரியன் உண்டு. தாமதத்தால் போன உயிர்களை நான் அறிவேன்.

சித்தர் மரபில் இந்தச் செடி காயகற்ப மூலிகை. வள்ளலார் தம் நித்திய கரும விதியில் காலையில் இதன் தூளால் பல் துலக்கச் சொல்கிறார். வடலூர் தைப்பூசத்துக்குப் போனால் கரிசாலைப் பொடி விற்காத மூலிகைக் கடையைப் பார்க்க முடியாது. கேரளத்தில் கர்க்கடக மாதத்திலும் திருவாதிரையிலும் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பத்தில் இது ஒன்று. அந்தப் பத்தில் மூன்று, இதுவும் பூவாங்குருந்தலும் முயற்செவியும், இந்த ஒரே குடும்பம். கூந்தலில் வைக்க அளவான பூவே இல்லாத செடிகளை அவர்கள் தேடி எடுத்துச் சூடிக்கொள்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊரில் என்ன நடந்தது? முதலில் களைக்கொல்லி வந்தது. நட்ட மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மணலில் கலந்து வீசிவிட்டால் முதல் களைக்கு ஆள் வேண்டாம். பிறகு தெளிக்கிற மருந்துகள் வந்தன. தண்ணீர் தள்ளிப்போகிற வருஷங்களில் நாற்றும் நடவும் இல்லாமல் நேரடி விதைப்பு வந்தது. நடவு இயந்திரம் வந்தது. கொத்து கலைந்தது. பெண்கள் நூறு நாள் வேலைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். குனிந்து முறிந்த இடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை குறைந்ததற்காக நான் வருந்தமாட்டேன். அம்மா கடைசிக் காலத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாமல் போனதற்கு அந்த வயல்கள்தான் காரணம்.

செடி போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். போகவில்லை. பிலிப்பைன்சில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் இதன் விதையைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்: வெளிச்சம் இல்லாமல் இது முளைப்பதில்லை, மண்ணின் மேற்பரப்பில் கிடக்கிற விதை நன்றாக முளைக்கிறது, அரை சென்டிமீட்டர் புதைந்தாலும் மேலே வருவதில்லை. நன்றாகச் சேறு கலக்கிப் பரம்படித்த வயலில் விதை பெரும்பாலும் புதைந்துபோகும். உழவு குறைந்த நேரடி விதைப்பில் அது மேலேயே கிடக்கும். ஆக, செடிக்கு இன்றைய வயல் ஒன்றும் கெட்டதில்லை. மருந்துக்குத் தப்பியது தப்பி, வாய்க்கால் ஓரமெல்லாம் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தொடுகிற கைதான் இல்லை. களை பறித்தபோது பிள்ளைகளும் கூட நின்றார்கள். எது மடிக்கு, எது வரப்புக்கு என்று பார்த்தே கற்றார்கள். அந்த அறிவை யாரும் தனியே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை, அதனால் வேலை நின்ற அன்றே அதுவும் நின்றுவிட்டது. இப்போது அது பொடியாக, மாத்திரையாக, கண்ணாடிப் புட்டியில் எண்ணெயாக நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வருகிறது. எங்கள் தெருப் பெண்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இதில் ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சில நர்சரிகளில் தொட்டியில் வைத்து விற்பது பல நேரம் அது அல்ல. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காக வந்து, பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரைமூடியாகப் படர்கிற வேறொரு செடி. உலகின் மோசமான நூறு அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. அதன் இலை பளபளக்கும், பக்கத்துக்கு ஒன்றாக மடல் பிரிந்து மூன்றாகத் தெரியும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியான பொற்றலைக் கையாந்தகரைக்கு இலை பிரியாது, ஒடுங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். கீரை என்று வாங்கிக் கடைந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். வாங்குமுன் இலையைத் தடவிப் பாருங்கள்.

பெரியத்தை இப்போது இல்லை. அன்று உள்ளங்காலில் மை வைக்கப்பட்ட பெண் இன்று குத்தகை நிலத்தில் தாளடி விதைக்கிறாள். சென்ற தாளடியில் அவள் வயலைப் பார்க்கப் போயிருந்தேன். வாய்க்கால் சரிவில் கையாந்தகரை கணுக்கால் உயரத்துக்கு நின்றது. நான் ஒரு தண்டை ஒடித்து அவள் மணிக்கட்டில் கோடு இழுத்தேன். அது கறுத்து வருவதைப் பார்த்துவிட்டு, "அத்தை, பொடின்னு எண்பது ரூவா குடுத்து வாங்குறேனே, அது இதுதானா?" என்றாள். இதுதான் என்றேன். உடனே குனிந்து பறிக்கப் போனாள். தடுத்தேன். பத்து நாளைக்கு முன்னால் அந்த வயலுக்கு மருந்து அடித்திருந்தார்கள். வடிகிற தண்ணீரெல்லாம் இந்தச் சரிவில்தான் இறங்கியிருந்தது.

முற்றிக் கறுத்த தலைகளாகப் பார்த்து ஒரு கைப்பிடி உதிர்த்துக் காகிதத்தில் மடித்தோம். வீட்டுக்கு வந்து, கொல்லையில் பாத்திரம் துலக்கிய தண்ணீரோடு சேராமல், குடிதண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடமாகத் தேர்ந்தெடுத்தோம். அவள் பழக்கத்தில் விரலால் குழி போட்டாள். "குழி வேண்டாம் பாப்பா, மேலேயே தூவு, மண்ணை மூடாதே, ஈரம் மட்டும் காயாமப் பாத்துக்க" என்றேன். இப்போது போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பாத்தியைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் பூ விட்டுவிட்டதாம். கறிக்குப் பறிப்பதா, எண்ணெய்க்கு விடுவதா என்று கேட்டாள். பாதியைக் கொழுந்துக்காக நுனி கிள்ளி வைக்கச் சொன்னேன். மீதியைக் காய் பிடிக்க விடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியும் விதை கேட்டிருக்கிறாளாம்.